மேமோகிராம் எடுப்பது பத்து நிமிடம்; அதைச் சரியாகப் படிக்கவைப்பதுதான் பெரும்பாடு

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, திருச்சியில் ஒரு ஸ்கேன் மையத்தில் மேமோகிராம், அதாவது மார்பகப் புற்றுநோய் உண்டா என்று பார்க்கும் எக்ஸ்ரே, எடுத்துக்கொண்டேன். கட்டியோ வலியோ எதுவும் இல்லை. வயது 47 ஆகிவிட்டதே என்று எடுத்ததுதான். செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்தது. கடைசி வரியில், முடிவைக் குறிக்கும் எண்ணாக, 'பைராட்ஸ் 0' என்று இருந்தது. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே தோன்றும்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கவரைப் பீரோவில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். இரவு வீட்டுக்கு வந்த தங்கை அதை எடுத்துப் படித்தாள். "அக்கா, முந்தைய படங்களோடு ஒப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறது, கவனித்தாயா?" என்று அவள் கேட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

அதற்குப் பிறகு 16 நாட்கள். கோயம்புத்தூருக்கு ஒரு பயணம், மூன்று நாள் விடுப்பு, இரண்டு பேருடைய தூக்கம். கடைசியில் ஒன்றுமில்லை என்றுதான் முடிந்தது. படத்தைப் பார்த்த டாக்டர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தேவையானதை நான் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்லவுமில்லை. வங்கியில் 22 ஆண்டுகளாகக் கோப்புகளோடு குடித்தனம் நடத்துகிற எனக்கே இந்தக் கதி. நீங்கள் இந்த 16 நாட்களைப் படவேண்டாம் என்பதற்காக, நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தப் பரிசோதனைக்குப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே இயந்திரம், ஒரே படம் என்றாலும் மேமோகிராம் இரண்டு வகை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர் முன்னெச்சரிக்கையாக எடுப்பது ஒன்று. கட்டி, காம்பில் கசிவு, தோல் சுருங்குதல், அக்குளில் வீக்கம் என்று ஏதாவது தெரிந்து எடுப்பது இன்னொன்று. முதல் வகைப் படங்கள் வரிசையில் சேரும். ரேடியாலஜிஸ்ட், அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படிக்கும் டாக்டர், தன் நேரத்தில் உட்கார்ந்து மொத்தமாகப் படிப்பார். இரண்டாம் வகையில் நீங்கள் அங்கே இருக்கும்போதே அவர் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கோணத்தில் எடுக்கச் சொல்லி, அல்ட்ராசவுண்டும் செய்து முடிப்பதுதான் முறை.

இங்கேதான் முதல் பொறி. கட்டி தட்டுப்படுகிறது என்பதை வெட்கப்பட்டோ பயந்தோ சொல்லாமல், 'சும்மா செக்கப்' என்று பதிந்துகொண்டு போகாதீர்கள். உங்கள் படம் தவறான வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். கையில் கட்டி தட்டுப்பட்டால் முதலில் டாக்டர், பிறகுதான் படம். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் அந்தக் கட்டியை விட்டுவிடக் கூடாது. மேமோகிராம் சுமார் எட்டில் ஒரு புற்றுநோயைத் தவறவிடுகிறது.

எந்த வயதில் தொடங்குவது? நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. பிரிட்டனில் 50 வயதிலிருந்து 71-ஆவது பிறந்தநாள் வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசே கடிதம் போட்டு அழைக்கிறது. அமெரிக்காவில் 2024 பரிந்துரைப்படி 40 முதல் 74 வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. நம் நாட்டு அரசுத் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மருத்துவப் பணியாளர் கையால் பரிசோதிப்பதுதான் உண்டு. மேமோகிராமுக்குக் கடிதம் போட்டு அழைக்கும் ஏற்பாடு இல்லை. ஆகவே தேதியை நினைவில் வைப்பதும் பழைய படத்தைக் காப்பாற்றுவதும் நம் தலையில்தான். அம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் 40 வரை காத்திருக்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

2. பழைய படங்களைத் தோண்டி எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மார்பகத்தின் உள்ளமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்கு இயல்பாக இருக்கிற திட்டு இன்னொருவருக்குப் புதிதாக முளைத்ததாக இருக்கலாம். ஒரே ஒரு படத்தைப் பார்த்து இது எது என்று சொல்வது கடினம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய படம் பக்கத்தில் இருந்தால் நிமிடத்தில் விளங்கிவிடும்: அன்றும் இருந்தது, இன்றும் அப்படியே இருக்கிறது, விடு. அல்லது, அன்று இல்லை, இன்று இருக்கிறது, கூப்பிடு. பழைய படத்தோடு ஒப்பிட்டுப் படிக்கும்போது தேவையில்லாமல் திரும்ப அழைக்கப்படுவோர் எண்ணிக்கை குறைகிறது என்பது பல நாடுகளில் பார்த்து உறுதியானது.

என்னுடைய முதல் மேமோகிராம் 44 வயதில், கோவைக் கிளையில் வேலை பார்த்தபோது எடுத்தது. அந்த ஃபிலிம் என் பீரோவிலேயே இருந்தது, பழைய காலண்டர் தாளில் சுற்றி, புடவைகளுக்கு அடியில். அதை எடுத்துப் போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூஜ்யம் வந்த மறுநாள் அதைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கைப்பேசியில் படம் எடுத்து ஸ்கேன் மையத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். படத்தில் என் மார்பகத்தைவிட ஜன்னல் கம்பிதான் தெளிவாகத் தெரிந்தது. அந்த டெக்னீஷியன் பெண் சிரிக்காமல் பேசியது அவருடைய பெருந்தன்மை.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

ஃபிலிம் போதாது. நான்கு படங்களையும் ஒரே தாளில் சுருக்கி அச்சிட்டுத் தருவது பல இடங்களில் வழக்கம். ரேடியாலஜிஸ்ட் தேடுவதோ அரை மில்லிமீட்டர் அளவுள்ள கால்சியம் புள்ளிகளை. அச்சிட்ட ஃபிலிமைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது. ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், அவ்வளவுதான்.

வேண்டியது சிடி. அதிலும் மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள 'டைகாம்' வடிவத்தில் உள்ள கோப்புகள். சில மையங்கள் சாதாரணப் புகைப்படங்களைப் போல ஜேபெக் கோப்புகளாகப் பதிந்து கொடுத்துவிடும். அது ஒப்பீட்டுக்கு உதவாது. வாங்கும்போதே "டைகாம் படங்கள்தானே?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்தவுடன் சிடியிலுள்ள எல்லாவற்றையும், புரியாத பெயருள்ள கோப்புகளையும் விடாமல், ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். இன்றைய மடிக்கணினிகளில் சிடி போடவே இடமில்லை. நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் உறையோடு சிடி ஒட்டிக்கொள்வதும் உண்டு.

சிடி இல்லையென்றால் பழைய மையத்திடம் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் "பார்க்கிறோம்" என்பார்கள், பார்க்க மாட்டார்கள். ஒரு தாளில் உங்கள் பெயர், பரிசோதனை நடந்த தேதி, ரிப்போர்ட்டின் மேலுள்ள நோயாளி எண், அப்போது கொடுத்த கைப்பேசி எண் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு கொடுங்கள். வேறொருவரை அனுப்பினால் அதிகாரக் கடிதமும் வேண்டும். எனக்கு இது தெரியாததால் நேரிலேயே போனேன். திருச்சியிலிருந்து கோவைக்கு பஸ்ஸில் ஐந்து மணி நேரம். போன பிறகு, இயந்திரத்தை மாற்றிவிட்டோம், பழைய சேமிப்பிலிருந்து எடுக்க மூன்று நாள் ஆகும் என்றார்கள். சிடிக்கு 300 ரூபாய். திரும்பி வந்துவிட்டேன், மூன்று நாள் கழித்துப் பழைய சக ஊழியர் ஒருவர் அதிகாரக் கடிதத்தோடு போய் வாங்கிக் கூரியரில் அனுப்பினார். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம்.

எவ்வளவு பழைய படம் வரை? கிடைக்கிற எல்லாம். போன வருடப் படம் மட்டுமின்றி அதற்கு முந்தையதும் இருந்தால் நல்லது. மெல்ல வளர்வது ஓராண்டு இடைவெளியில் கண்ணுக்குப் படாமல் போகலாம்.

3. பணம் கட்டுவதற்கு முன் ஐந்து கேள்விகள்

விலையைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். படத்தைப் படிப்பவர் இங்கேயே இருக்கிறாரா, வேறு ஊரிலிருந்து பார்க்கிறாரா? நான் கொண்டுவரும் பழைய சிடி அவருக்குப் போய்ச் சேருமா? கூடுதல் படம் தேவைப்பட்டால் அன்றே எடுக்க முடியுமா? அல்ட்ராசவுண்ட் அதே இடத்தில் உண்டா? டைகாம் சிடி தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா?

முதல் கேள்வி எதற்கு என்றால், சிறிய ஊர்களிலும் கிளை மையங்களிலும் படம் எடுப்பது ஓரிடம், படிப்பது ஓரிடம் என்பது இன்று சகஜம். நான் போன இடத்தில் படங்கள் இணையம் வழியே சென்னைக்குப் போயின. அதில் தவறில்லை, மேமோகிராம் படிப்பதிலேயே ஊறியவர் தொலைவில் இருந்தாலும், எப்போதோ ஒன்று பார்க்கிற உள்ளூர்க்காரரைவிட மேல். ஆனால் உங்கள் பழைய சிடி திருச்சி மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டால் சென்னைக்காரருக்கு எப்படித் தெரியும்? வரவேற்பில் கொடுத்ததோடு திருப்தி அடையாதீர்கள். கணினியில் ஏற்றியாகிவிட்டதா என்று டெக்னீஷியனிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். நான் மேமோகிராமுக்குக் கொடுத்தது 2,200 ரூபாய், பிறகு அல்ட்ராசவுண்டுக்கு 1,400. இரண்டையும் சேர்த்துச் செய்தால் பல மையங்களில் குறைத்து வாங்குகிறார்கள். 'முழு உடல் பரிசோதனை' தொகுப்புகளில் 40 வகை ரத்தப் பரிசோதனையோடு மேமோகிராமும் இருக்கும். அதில் படிப்பவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. மருத்துவமனையில் சேராமல் செய்யும் பரிசோதனைக்குப் பல காப்பீட்டு பாலிசிகள் பணம் தருவதில்லை. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவில் முன்னெச்சரிக்கைப் பரிசோதனை என்று 5,000 ரூபாய் வரை காட்டலாம். ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும். ரசீது முக்கியம்.

4. தேதி குறிப்பது

மாதவிடாய் வருகிறவர்கள் அது முடிந்த அடுத்த வாரத்தில் போங்கள், வலி குறைவு. வாரத் தொடக்கமாக இருந்தால் நல்லது என்பது என் கருத்து. சனிக்கிழமை மாலை எடுத்தேன், ஞாயிறு விடுமுறை, திங்கள் குவிந்து கிடந்ததோடு என்னுடையதும் சேர்ந்தது. வெளியூர்க் கல்யாணத்துக்கு முந்தைய நாளும் வேண்டாம். திரும்பக் கூப்பிட்டால் உடனே போகும்படி பத்து நாளாவது ஊரில் இருங்கள்.

5. அன்றைய தினம்

புடவை ரவிக்கையோ சுடிதாரோ போட்டுக்கொள்ளுங்கள். மேலாடையை மட்டும் கழற்றினால் போதும். பவுடர், சென்ட், அக்குளில் போடும் டியோடரன்ட் எதுவும் கூடாது. அவற்றிலுள்ள துகள்கள் படத்தில் கால்சியம் புள்ளிகளைப் போலவே தெரியும். குளித்து முடித்ததும் கை தானாகவே பவுடர் டப்பாவுக்குப் போகும், கவனம். எனக்கு அந்தப் பெண் ஈரப் பஞ்சால் அக்குளைத் துடைத்துவிட்டு, வெள்ளையாக வந்த பஞ்சை என் முகத்துக்கு நேரே காட்டினார்.

ஒரு படிவம் தருவார்கள். வரிசை நகர்கிறதே என்று அவசரத்தில் கோடு போட்டு நிரப்பாதீர்கள். படிப்பவர் உங்களைப் பார்க்கப் போவதில்லை. உங்களைப் பற்றி அவருக்குத் தெரிவது அந்தத் தாளில் இருப்பது மட்டும். எந்தப் பக்கம் வலி, முன்பு அறுவைச் சிகிச்சையோ ஊசிப் பரிசோதனையோ நடந்த இடம், தழும்பு, பெரிய மச்சம், சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை, கடைசி மாதவிடாய் தேதி, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் நோய் வந்தது என்பதையெல்லாம் எழுதுங்கள். தழும்பின்மீதும் மச்சத்தின்மீதும் சிறிய அடையாள ஒட்டு வைப்பார்கள், மறந்தால் நினைவூட்டுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் உள்ளே போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு, மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று, ஆக நான்கு படங்கள். அழுத்துவது சில விநாடிகள்தான். வலிக்கும், தாங்கலாம். அசைந்தால் படம் மங்கும். மங்கினால் மறுபடி அழைப்பார்கள்.

6. இருட்டறையில் என்ன நடக்கிறது

மேலே சொன்னவற்றுக்கெல்லாம் காரணம் இங்கேதான் இருக்கிறது. கோவையிலிருந்து சிடி வந்த பிறகு, நான் வற்புறுத்திக் கேட்டதால் ரேடியாலஜிஸ்ட் ஒருவர் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். அரையிருட்டு அறை. மேமோகிராமுக்கென்றே செய்யப்பட்ட இரண்டு பெரிய திரைகள். வலதையும் இடதையும் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல நிறுத்தி, ஒரு பக்கம் இருப்பது மறுபக்கம் உண்டா என்று முதலில் பார்க்கிறார். பிறகு கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி, உப்பு சிந்தினாற்போலப் புள்ளிகள் கூட்டமாகக் கிடக்கின்றனவா என்று தேடுகிறார். பிறகு பழைய படம். என்னுடைய 44 வயதுப் படத்தைத் திறந்ததும், மூன்று விநாடி இருக்கும், "இதுவா, அன்றைக்கே இருக்கிறதே" என்றார். 16 நாளின் விடை மூன்று விநாடியில்.

நோட்டு எண்ணும்போது யாராவது "மேடம், பாஸ்புக் பதிய முடியுமா?" என்று கேட்டால் எனக்கு எண்ணிக்கை போய்விடும், மறுபடி முதலிலிருந்துதான். படம் படிப்பதும் அப்படியே. இடையூறில்லாமல் மொத்தமாக உட்கார்ந்து படிக்கும்போது வீணாகத் திரும்ப அழைப்பது குறைகிறது. அதனால்தான் 'ரிப்போர்ட்டை இப்போதே கொடுங்கள்' என்று கவுன்ட்டரில் சண்டை போடாதீர்கள் என்கிறேன். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்கு இரண்டு நாள் தாமதம் ஒரு பொருட்டே அல்ல.

எங்கள் வங்கியில் ஒருவர் பதிந்த வவுச்சரை இன்னொருவர் சரிபார்த்தால்தான் பணம் நகரும். பிரிட்டனில் மேமோகிராமும் அப்படித்தான். ஒவ்வொரு பெண்ணின் படத்தையும் இருவர் படிக்கிறார்கள். கருத்து வேறுபட்டால் மூன்றாமவரோ குழுவோ முடிவு செய்யும். அங்கே நூற்றில் சுமார் நான்கு பேர்தான் திரும்ப அழைக்கப்படுகிறார்கள். பெரும்பாலும் ஒருவரே படிக்கும் அமெரிக்காவில் அது சுமார் பத்து பேர். பழக்கத்திலும் வித்தியாசம் உண்டு: அமெரிக்கச் சட்டம் ஒரு டாக்டர் இரண்டு ஆண்டுகளில் 960 பேரின் படங்களையாவது படித்திருக்க வேண்டும் என்கிறது, பிரிட்டனில் ஓராண்டுக்கே 5,000.

களைப்பைப் பற்றியும் ஒரு வேடிக்கை. வரிசையின் கடைசியில் வரும் படங்களைச் சோர்வில் தவறவிடுவார்களோ என்று இங்கிலாந்தில் சுமார் 12 லட்சம் பெண்களின் படங்களை வைத்துச் சோதித்தார்கள். இரண்டாமவரை வரிசையைத் தலைகீழாகப் படிக்கச் சொன்னார்கள். பலனில் வித்தியாசமே இல்லை என்று 2016-இல் முடிவு வந்தது. ஆகவே 'காலையில் முதல் ஆளாகப் போனால் நன்றாகப் பார்ப்பார்கள்' என்ற யோசனையை நம்பி அதிகாலையில் எழவேண்டாம். ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வில் செயற்கை நுண்ணறிவின் துணையோடு படித்தபோது டாக்டர்களின் படிக்கும் சுமை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடிப்பு குறையவில்லை. நம் ஊரில் யாராவது 'ஏஐ மேமோகிராம்' என்று விளம்பரம் செய்தால், கடைசியில் கையெழுத்திடும் டாக்டர் யார் என்று மட்டும் கேளுங்கள்.

நம் ஊரில் பொதுவாக ஒருவர்தான் படிப்பார். இரண்டாவது கண் வேண்டுமென்றால் அதை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கும் சிடிதான் வேண்டும்.

7. ரிப்போர்ட்டில் எங்கே பார்க்க வேண்டும்

முதலில் 'ஒப்பீடு' என்ற வரி. பழைய படம் கொடுத்திருந்தும் 'முந்தைய படங்கள் இல்லை' என்று இருந்தால் உடனே மையத்தை அழையுங்கள்.

அடுத்து மார்பகத் திசுவின் அடர்த்தி: ஏ, பி, சி, டி. சி, டி என்றால் அடர்த்தி அதிகம். அது நோய் அல்ல. ஆனால் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அரிசியில் வெள்ளைக்கல் தேடுவது போல. அல்ட்ராசவுண்ட் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கடைசியில் பைராட்ஸ் எண். 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் பெரும்பாலும் சாதாரணம், புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி எடுக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தைத்தான் நம்மவர்கள் மறப்பார்கள். 4 என்றால் பயாப்ஸி, அதாவது சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது. அதிலும் 4ஏ என்றால் 2 முதல் 10 சதவீதம்தான். ஆகவே 4 என்ற எண்ணைப் பார்த்ததும் உயில் எழுத உட்காரவேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். 5 என்றால் 95 சதவீதம் அல்லது அதற்கு மேல்; அதே வாரத்தில் டாக்டர். 6 என்பது ஏற்கெனவே பயாப்ஸியில் உறுதியானவர்களுக்கு.

பூஜ்யம் என்றால்: படித்து முடிக்க முடியவில்லை, இன்னும் ஏதோ வேண்டும். அவ்வளவே. நல்ல செய்தியும் அல்ல, கெட்ட செய்தியும் அல்ல.

8. பூஜ்யம் வந்துவிட்டால்

என்ன வேண்டும் என்பது ரிப்போர்ட்டிலேயே இருக்கும். பழைய படம், வேறு கோணத்தில் படம், அல்ட்ராசவுண்ட், இவற்றில் ஒன்றோ மூன்றுமோ. எதுவும் எழுதவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். முடிந்தவரை எடுத்த இடத்திலேயே முடியுங்கள். புது இடத்துக்குப் போனால் அவர்கள் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பணமும் கதிர்வீச்சும் இரட்டிப்பு. பழைய படம் கிடைக்கத் தாமதமானால் அதற்காகவே வாரக்கணக்கில் காத்திருக்காமல் மற்ற இரண்டையும் செய்துவிடுங்கள். நான் காத்திருந்தேன், தவறு.

ஒப்பீடு முடிந்ததும் வாய்மொழியாக "ஒன்றுமில்லைம்மா" என்று சொல்வதோடு விடாதீர்கள். இணைப்பு அறிக்கை என்று திருத்திய முடிவைக் கையெழுத்தோடு வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த டாக்டரின் கண்ணுக்கு நீங்கள் என்றும் பூஜ்யம்தான். எனக்கு இதற்குக் கட்டணம் இல்லை; சில இடங்களில் வாங்குகிறார்கள். திருத்தி வந்தது பைராட்ஸ் 2.

9. கோப்பு

தங்கைக்கு இந்த மார்ச் மாதம் எடுத்தோம். அவளுக்கு இது முதல் படம், ஒப்பிட எதுவும் கிடையாது. திரும்ப அழைக்கக்கூடும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். அழைத்தார்கள். சாய்வாக ஒரு படம் கூடுதலாக எடுத்து, அன்றே அல்ட்ராசவுண்டும் பார்த்து, நான்காம் நாள் 2 என்று முடிந்தது. அவளுடைய சிடி, பென் டிரைவ், ரிப்போர்ட், ரசீது நான்கையும் வங்கியில் நாங்கள் கடன் ஆவணம் வைக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெளியே தேதியையும் நோயாளி எண்ணையும் எழுதியிருக்கிறேன். புடவைகளுக்கு அடியில் வைக்கவில்லை. ரேஷன் கார்டு இருக்கும் இழுப்பறையில் இருக்கிறது.